முகவரி ஒரு குற்றமா?

"அந்தப் பேட்டை அப்படிப்பட்டது. பேட்டை எப்படியோ பிள்ளை அப்படி. பிள்ளை எப்படியோ பள்ளிக்கூடம் அப்படி. ஆகவே அந்தப் பேட்டைப் பிள்ளைகள் நமக்கு வேண்டாம்."

நம் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் சென்ற ஆண்டு இவ்வாறு பேசப்பட்டது. ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளை இனிச் சேர்த்துக்கொள்வதில்லை என்று முடிவும் செய்யப்பட்டது. ஏட்டில் அவ்வாறு எழுதினார்களா? இல்லை. "இடவசதி கருதி" என்று எழுதினார்கள். உள்ளத்தில் ஒன்றும் ஏட்டில் வேறொன்றுமாக எழுதப்பட்ட அந்தத் தீர்மானத்தின் கீழ் நம்முடைய கையொப்பமும் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்பள்ளிக்கூடத்தில் அரபு மொழியும் நன்னெறியும் கற்பிப்பவர் என்னும் முறையில் நாமும் அக்குழுவில் அமர்ந்திருந்தோம். வாய் திறவாமல் கையொப்பமிட்டோம்.

இரண்டு வாரங்கள் சென்றபின், மீன் விற்றுப் பிழைக்கும் ஒரு தாய் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத்து, எங்க தெருவுல கெட்டவங்க இருக்காங்கன்னுதானே புள்ளைய இங்க கொண்டாந்தேன்! நீங்களும் அந்தத் தெருவுக்கே திருப்பி அனுப்பினா நான் எங்க போவேன்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் கிதாபு ஓதிக்கொடுத்த நமக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. நாம் இட்ட கையொப்பத்தை நாமே மறுத்து எழுதுகிறோம்.

பேட்டையின் நிழல்

எதிர்த்தரப்பார் கூறுவதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சாதிக்கப் போவதில்லை. தெருவின் வறுமையும் தெருவின் குற்றமும் பள்ளிக்கூடத்தின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. அவை பிள்ளையின் பையோடும் கண்ணோடும் உள்ளே வருகின்றன.

இதை ஆராய்ந்தவர்கள் பலர். அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரம் இத்துறைக்கு ஒரு பெரிய ஆய்வுக்களமாகவே விளங்கி வந்திருக்கிறது. அந்நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட வாசிப்பு, சொல்லறிவுச் சோதனைகளைப் பேட்ரிக் ஷார்க்கி என்னும் சமூகவியல் அறிஞர், அதே நகரத்தில் நிகழ்ந்த கொலைகளின் நாள்களோடும் இடங்களோடும் ஒப்பிட்டு நோக்கினார். 2010ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளியாயிற்று. தம் வீட்டை ஒட்டிய பகுதியில் கொலை நிகழ்ந்து ஒரு வாரம் கழிவதற்குள் சோதனைக்கு அமர்ந்த பிள்ளைகள், அதே பகுதியில் வேறு நாள்களில் அமர்ந்த பிள்ளைகளைவிட வெகுவாகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். கொலையைக் கண்ணால் கண்ட பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்த கணக்கன்று இது. அப்பகுதியில் வாழ்ந்த பிள்ளைகள் அனைவரையும் சேர்த்த கணக்கு.

இதைப் படித்தபோது நம் வகுப்பில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஆற்றோரத்திலிருந்து வரும் சிறுவன் ஒருவன் பாட நேரத்தில் மேசைமீது தலை வைத்து உறங்கினான். எழுப்பி நிற்க வைத்தோம். மறுநாளும் உறங்கினான்; மறுநாளும் நிற்க வைத்தோம். அவன் வீட்டிற்கு எதிரில் முந்திய வாரம் ஓர் ஆளை வெட்டிப் போட்டிருந்தார்கள் என்பதும், அன்று முதல் அத்தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு அணைக்கப்படவில்லை என்பதும் பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது. நாம் தண்டித்தது சோம்பலையா, அச்சத்தையா?

ஆகவே, பேட்டை பள்ளிக்கூடத்தைத் தொடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தொடுகிறது என்பதற்கும், ஆட்டிப் படைக்கிறது என்பதற்கும் இடையில் உள்ள தொலைவுதான் நம் வழக்கு.

குற்றம் இரத்தத்தில் இருக்கிறதா?

"அந்தச் சனங்களே அப்படி" என்று குழுவில் ஒருவர் சொன்னார். கற்றவர்கள் வாயிலும் இவ்வார்த்தை எளிதாக வந்துவிடுகிறது. இதற்குரிய மறுப்பும் அதே சிக்காகோவில் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்னும் இரு அறிஞர்கள், 1900 முதல் 1933 வரை அந்நகரத்துச் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளை எடுத்து, ஒவ்வொரு சிறுவனின் வீடும் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்தார்கள். 1942இல் அதனை நூலாக வெளியிட்டார்கள். ஆலைகளை ஒட்டிய, வாடகை குறைந்த, ஆள் வந்து ஆள் போகும் பகுதிகளில் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. அப்பகுதிகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் வாழ்ந்தனர். அவர்கள் சற்றே வசதி பெற்று வெளியேறியதும் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தனர். குடிகள் மாறின, மொழி மாறியது, குற்றத்தின் அளவோ அதே இடத்தில் அப்படியே நின்றது. வெளியேறிச் சென்றவர்களின் பிள்ளைகளிடம் அது குறைந்தது.

இதன் பொருள் என்ன? குற்றம் குலத்தில் இல்லை, இரத்தத்தில் இல்லை. மனிதனை நிலைகொள்ள விடாத இடத்தில் இருக்கிறது. அவ்விடத்தில் நாளை நம்மைக் குடிவைத்தாலும் புள்ளி விழுவது நம் பிள்ளையின் பெயரில்தான். இதை உணர்ந்தவர் "அந்தச் சனங்கள்" என்று பேச நாணுவர்.

காரணம் வேறு, சாக்கு வேறு

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு என்னும் சட்ட அடிப்படைக் கலையை ஓதியவர்கள் ஒரு பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றை மற்றொன்றிற்கு 'இல்லத்', அதாவது மெய்யான காரணம், என்று சொல்ல வேண்டுமாயின் அது சோதனைக்கு நிற்க வேண்டும். காரணம் இருக்கும் இடத்தில் விளைவும் இருத்தல் வேண்டும். காரணம் இருந்தும் விளைவு இல்லாத ஓர் இடத்தைக் காட்டிவிட்டால், அதற்கு 'நக்ளு' என்று பெயர்; வாதம் உடைந்தது என்று பொருள். "பேட்டை கெட்டது, ஆகவே பள்ளிக்கூடம் கெடும்" என்னும் வாதத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

இலண்டன் நகரின் உட்பகுதியில், எளிய மக்கள் பயிலும் 12 உயர்நிலைப் பள்ளிக்கூடங்களை மைக்கேல் ரட்டரும் அவருடைய துணைவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை ஐந்து வயது முதல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும்வரை அங்கே கழிக்கும் 15,000 மணி நேரத்தையே அந்நூலுக்குப் பெயராக வைத்தார்கள். ஒன்றுக்கொன்று அருகில் இருந்த அப்பள்ளிக்கூடங்களின் நிலை ஒன்றுபோல் இல்லை. சேரும்போது பிள்ளைகளிடம் இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னரும் வருகையில், நடத்தையில், தேர்ச்சியில், சிறார் குற்றத்தில் பெரும் வேறுபாடு எஞ்சியது. கட்டடத்தின் பழமையோ புதுமையோ அதற்குக் காரணமாகவில்லை. பாடம் நேரத்திற்குத் தொடங்கிற்றா, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்தப்பட்டதா, நன்றாகச் செய்த பிள்ளையை ஆசிரியர் பாராட்டினாரா, பிள்ளைகளிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டனவா, அவர்களுடைய படைப்புகள் சுவரில் மாட்டப்பட்டனவா என்பனவே வேறுபாட்டோடு சேர்ந்து நின்றன. இவற்றுள் எது ஆற்றோரத்துப் பிள்ளையின் கையில் இருக்கிறது? எல்லாம் ஆசிரியராகிய நம் கையில் அல்லவா இருக்கின்றன!

இதனினும் தெளிவான சான்று 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழுவிடமிருந்து வந்தது. ஸ்டைன்பர்க், ஆலன்ஸ்வொர்த், ஜான்சன் ஆகிய மூவர், அந்நகரத்து அரசுப் பள்ளிக்கூடங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் எங்கே எந்த அளவு பாதுகாப்பாக உணர்கின்றனர் என்பதை ஆராய்ந்தனர். வகுப்பறைக்குள் அச்சம் குறைவு. ஆசிரியரின் கண் படாத நடைகூடத்திலும் கழிப்பிடத்திலும் அச்சம் மிகுதி. பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள தெருவில் மேலும் மிகுதி. வறுமையும் குற்றமும் மிகுந்த பகுதிகளிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளிக்கூடங்களில் பொதுவாக அச்சம் கூடுதலாகவே இருந்தது. இதுவரை எதிர்த்தரப்பார் மகிழலாம்.

ஆனால் அதற்குமேல் அவர்கள் கண்டது என்ன? ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலும், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையிலும் உள்ள உறவின் தரமே பாதுகாப்போடு மிக நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. உறவு நன்றாக அமைந்த ஏழைப் பகுதிப் பள்ளிக்கூடங்கள், உறவு சீர்கெட்ட வசதியான பகுதிப் பள்ளிக்கூடங்களைவிடப் பாதுகாப்பாக இருந்தன! இதோ நக்ளு. காரணம் என்று சொல்லப்பட்டது இருக்கிறது, விளைவைக் காணோம். அங்கேயோ காரணம் இல்லை, விளைவு இருக்கிறது. ஆகவே, பேட்டை ஒரு சுமை, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பள்ளிக்கூடத்தின் அகச்சூழல் கெட்டதற்குப் பேட்டையைச் சுட்டுவது 'இல்லத்' அன்று, 'உத்ரு'. காரணம் அன்று, சாக்கு.

வெளியேற்றினால் தூய்மை வருமா?

"கத்தி கொண்டுவந்தான் ஒருவன், அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் குழுவின் முடிவுக்கு உடனடிக் காரணமும் அதுவே. கத்தியை யாரும் பள்ளிக்கூடத்திற்குள் அனுமதிக்க முடியாது. அதைப் பறித்தது சரி. பெற்றோரை அழைத்தது சரி. ஆனால், அவன் ஏன் அதைப் பையில் வைத்திருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. மாலையில் வீடு திரும்பும் வழியில் இரண்டு வாலிபர்கள் அவனை மறித்துக் காசு பிடுங்கி வந்தனர் என்பதை, அவன் நீக்கப்பட்டபின் அவனுடைய தோழன் சொல்லித் தெரிந்துகொண்டோம். ஒருவன் கத்தி வைத்திருந்தான் என்பதற்காக, கத்தியைக் கண்டிராத நாற்பது பிள்ளைகளுக்குக் கதவை மூடுவது எந்த நீதி?

கடுமை என்னும் மருந்தை அமெரிக்கர்கள் நம்மைவிடப் பெரிய அளவில் குடித்துப் பார்த்தவர்கள். 1990களில் அங்கே சிறு பிழைக்கும் இடைநீக்கம் என்னும் முறை பரவிற்று. மேலே சொன்ன 2011ஆம் ஆண்டு ஆய்வு அதையும் நோக்கிற்று. ஒத்த நிலையிலுள்ள பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டபோது, இடைநீக்கம் மிகுந்தவற்றில் பாதுகாப்புணர்வு கூடவில்லை, குறைவாகவே இருந்தது. நீக்கமே அச்சத்தை விளைத்தது என்று அவ்வாய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆயினும் நீக்கம் அமைதியைக் கொண்டுவரும் என்று நம்புவோருக்கு அதில் ஊன்றுகோல் இல்லை. சிக்காகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு முதல் அம்முறையைத் தடை செய்து, மற்ற வழிகளை முயன்ற பின்னரே நீண்ட நீக்கம் என்று கட்டுப்படுத்திற்று.

மேலைநாட்டார் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் பிடித்தது. 1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கை ஒரு தனித் தலைப்பிலேயே விளக்கியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை ஊக்கம் இழக்கிறான். அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூழ்ச்சியும் பழகுகிறான். பின்னர் அவையே அவன் இயல்பாகிவிடுகின்றன என்பது அவர் கருத்து. அந்நூலின் பெயரை மேடைதோறும் பெருமையாகச் சொல்லும் நாம், அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாம் மறுத்த பிள்ளை எங்கே போகிறான்? காற்றில் கரைந்து விடுவதில்லை. அடுத்த தெருவிலுள்ள, மறுக்க இயலாத பள்ளிக்கூடத்தில் சேருகிறான். நாம் மறுத்தவன், மற்றவர் மறுத்தவன், படிப்பில் பின்தங்கியவன் எல்லாரும் அங்கேயே குவிகின்றனர். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் குவிவது அதன் பாதுகாப்பை எவ்வளவு பாதிக்கும் என்பதையும் அந்தச் சிக்காகோ ஆய்வே காட்டிற்று. தெருவின் வறுமையையும் குற்றத்தையும்விட அது வலியதாக இருந்தது. பிறகு நாம் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுட்டி, "பாருங்கள், நாம் சொன்னது சரியாயிற்று" என்கிறோம். குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டார் அழுக்கானவர் என்று பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதன் பெருவடிவத்தைச் சென்னையில் காண்கிறோம். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் மாற்றப்பட்டன. ஏழைகளை ஏழைகளோடு மட்டும், பழைய தொழிலுக்கும் பழைய பள்ளிக்கூடத்திற்கும் எட்டாத தொலைவில் குவித்தார்கள். பிறகு அந்த முகவரிக்கே கெட்ட பெயர் சூட்டினார்கள். முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்பட்டதாக அங்குள்ள இளைஞர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். இடத்தை உண்டாக்கியவர் ஒருவர். அதன் பழியைச் சுமப்பவர் மற்றொருவர்.

செய்யத்தக்கது

வெறுமனே மறுத்துவிட்டுப் போவது எளிது. செய்யத்தக்கது என்ன என்று கேட்பவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிக்காகோவின் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் 1990களில் முன்னேறியவற்றையும் தேங்கியவற்றையும் ஒப்பிட்டு ஆண்டனி பிரைக்கும் அவர் துணைவர்களும் 2010இல் எழுதிய நூல் ஐந்து தூண்களைக் கூறுகிறது. நல்ல தலைமை, பெற்றோரோடும் ஊரோடும் பிணைப்பு, ஆசிரியரின் திறமை, பிள்ளையை மையமாகக் கொண்ட சூழல், ஒழுங்கான பாடத்திட்டம் ஆகியவை அவை. இவற்றுள் பெரும்பாலானவற்றில் வலுவாக நின்றவை, பலவீனமானவற்றைவிட முன்னேறும் வாய்ப்பைப் பத்து மடங்கு பெற்றிருந்தன. வறுமையும் குற்றமும் மிகுந்து, ஊர்ப் பிணைப்பு அறுந்த இடங்களில் தூண்கள் இன்னும் வலுவாக இருந்தால்தான் கூரை நிற்கும் என்றும் அந்நூல் மறைக்காமல் சொல்கிறது. ஆகவே, ஆற்றோரத்துப் பிள்ளைக்கு நம்மிடம் உள்ளதில் மிகச் சிறந்த ஆசிரியரைக் கொடுக்க வேண்டும். நாமோ அனுபவம் இல்லாதவரை அனுப்பிவிட்டு விளைவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

வழியில் அச்சமா? சிக்காகோவில் 2013இல் ஏறத்தாழ 50 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பிள்ளைகள் வேறு தெருக்கள் வழியே நடக்க நேர்ந்தபோது, பிள்ளைகள் போகும் வரும் வேளைகளில் தெருமுனைதோறும் பெரியவர்களை நிறுத்தினார்கள். அவர்கள் காவலர்கள் அல்லர், அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள். அத்தகைய வழிகளில் வன்முறைக் குற்றம் குறைந்ததென்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. நம் மஹல்லாவில் அஸர் தொழுகை முடிந்து வாசலில் அமர்ந்து கதை பேசும் பெரியவர் எத்தனை பேர்! அவர்களில் எட்டுப் பேர் நாள்தோறும் அரைமணி நேரம் ஆற்றோரப் பாதையில் நின்றால், எந்தச் சிறுவன் தன் பையில் கத்தியைத் தேடப் போகிறான்?

ராபர்ட் சாம்ப்சனும் அவர் துணைவர்களும் சிக்காகோவில் 8,782 பேரிடம் கேட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. பள்ளிக்கூடத்திற்குப் போகாமல் தெருமுனையில் பிள்ளைகள் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் கண்டிப்பார்களா என்பது அது. ஒருவரையொருவர் நம்பி, கண்டிக்கும் துணிவுடைய பகுதிகளில், அதே அளவு வறுமை இருந்தும் வன்முறை குறைவாக இருந்தது. அந்தக் கேள்வியை இன்று நம் தெருவில் கேட்டால் என்ன விடை வரும்? "நமக்கேன் வம்பு" என்பதுதானே!

பெற்றோருக்கும் ஒரு சொல். "நல்ல சகவாசம்" தேடிப் பிள்ளையை வாகனத்தில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் உங்கள் கவலையை நாம் அறிவோம். அதைக் குறை கூறவில்லை. ஆயினும் உங்கள் பிள்ளை மாலையில் திரும்பி வருவது இதே தெருவிற்குத்தான். நீங்கள் ஒதுக்கிய பிள்ளையோடுதான் அவன் நாளை இவ்வூரில் வாழப் போகிறான்.

குழுவினருக்கு இறுதியாக ஒன்று. நம் வழக்கில் 'பள்ளி' என்றால் தொழும் இடத்தையும் குறிக்கும், ஓதும் இடத்தையும் குறிக்கும். தொழும் பள்ளியில் வரிசை கட்டி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் முகவரியை நாம் கேட்பதில்லை. ஆற்றோரத்து மீன்காரரின் தோளும் குழுத் தலைவரின் தோளும் அங்கே உரசி நிற்கின்றன. ஓதும் பள்ளியின் வாசலில் மட்டும் முகவரிச் சீட்டைக் கேட்பது எங்கிருந்து வந்த வழக்கம்?

வரும் ஆண்டின் சேர்க்கை தொடங்குமுன் குழு மீண்டும் கூடுகிறது. அந்தத் தீர்மானத்தை அடித்துவிடக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடிக்க மறுத்தால், "இடவசதி கருதி" என்பதை நீக்கிவிட்டு உண்மைக் காரணத்தையேனும் ஏட்டில் எழுதுங்கள் என்றும் கேட்டிருக்கிறோம். அதை எழுத எவர் கை நீளும் என்று பார்ப்போம். நம் கை இம்முறை நீளாது.